ஆதி பீட்சாவும் இடது கையும்

மூன்றாம் மாடியிலிருந்து கூடை இறங்கினால் மணி ஒன்று என்று அர்த்தம். நாப்போலி நகரத்துச் சனித்தா பேட்டையின் அந்தச் சந்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. கயிற்றில் தொங்கும் பிரம்புக் கூடை ஆடி ஆடி கத்தேல்லோவின் கடை வாசலுக்கு வரும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, "மூணு, சூடா" என்று இருக்கும். கத்தேல்லோ மூன்று பீட்சா போட்டு, நான்காக மடித்து, காகிதத்தில் சுற்றிக் கூடைக்குள் வைத்துக் கயிற்றை இரண்டு இழுப்பு இழுப்பான். கூடை மேலே போய்விடும். பதினொரு வருஷமாக இதுதான் நடக்கிறது.

மேலே இருப்பது குடித்தனம் இல்லை. நாப்போலிப் பீட்சா மெய்மைக் காப்புக் கழகத்தின் தலைமை அலுவலகம். எது பீட்சா, எது பீட்சா இல்லை என்று உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிற இடம். அவர்கள் அங்கீகாரம் கொடுத்த கடைகள் ஊரில் நாற்பத்திரண்டு உண்டு. அந்த நாற்பத்திரண்டில் ஒன்றிலாவது கழகத்தார் மதியச் சாப்பாடு சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. கீழேயே அங்கீகாரம் இல்லாத கத்தேல்லோ இருக்கும்போது அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்?

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சீட்டோடு ஒரு நீலக் கவரும் இறங்கியது. கத்தேல்லோ மாவுக் கையோடு பிரித்தான். அவன் மனைவி எர்சிலியா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

"கழகத்தின் அங்கீகாரம் பெறாத எந்தக் கடையும், எதிர்வரும் செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, ஊர்ப் புனிதரின் திருநாள் முதல், தன் பெயர்ப்பலகையில் 'பீட்சா' என்னும் சொல்லை வைத்திருத்தல் ஆகாது. அச்சொல்லைக் கழக அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு மாற்றாக 'வட்டமான வெந்த மாவுப் பண்டம்' என்று எழுதிக்கொள்ளத் தடையில்லை."

அதற்குக் கீழே பேனாவால்: "இன்னிக்கு நாலு. விருந்தாளி வந்திருக்கார்."

"சொல்லை எப்படிய்யா ஒப்படைக்கிறது?" என்றாள் எர்சிலியா. "பொட்டலம் கட்டியா?"

கத்தேல்லோ நாலு மாவு உருண்டை எடுத்தான், ஒன்றைக் கீழே போட்டான், குனிந்து எடுத்தான், எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான். முப்பத்தோரு வருஷமாக அடுப்படியில் நிற்கிறவன். ஊரில் அவனைப் பீட்சாக்காரர் என்றுதான் சொல்வார்கள். வட்டமான வெந்த மாவுப் பண்டக்காரர் என்று அவன் கல்லறையில் எழுதிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏன்யா இப்படிக் கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி அலையுற? பரீட்சை எழுதி அங்கீகாரம் வாங்கிட்டுப் போறது. உனக்குப் பீட்சா போடத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்டி. அது அவங்களுக்குத் தெரியணுமே."

"தினமும் தின்னுறானுங்க, தெரியாதா?" என்றாள் எர்சிலியா. அவள் வெகுளி. கழகங்களோடு அவளுக்குப் பழக்கமில்லை.

*

பரீட்சை வெள்ளிக்கிழமை, அதே கட்டிடத்தின் கீழ்முற்றத்தில் நடந்தது. மூன்றாம் மாடிக்கு அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டும்தான் ஏறலாம். முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கழகத்தின் காவலாளி சவேரியோ ஆளுக்கொரு எண் கொடுத்துக்கொண்டு வந்தான். கத்தேல்லோவுக்கு வந்தது பதினேழு.

நாப்போலிக்காரனுக்குப் பதினேழு என்றால் அபசகுனம். அங்கே ஆஸ்பத்திரியில்கூட அந்த எண்ணில் படுக்கை கிடையாது. கத்தேல்லோவின் கை தானாகவே பைக்குள் போய், கண்ணேறு படாமலிருக்க வைத்திருக்கும் சின்னச் சிவப்புக் கொம்பைப் பிடித்துக்கொண்டது.

"சவே, மாத்திக் குடுப்பா. பதினெட்டு குடு, பதினாறு குடு, ஏதாவது குடு."

"தோன் கத்தேல்லோ, கழகத்துல மூடநம்பிக்கைக்கு இடமில்லைன்னு தலைவர் சொல்லிட்டார்" என்றான் சவேரியோ, ஊர் வழக்கப்படி மரியாதைக்குத் தோன் சேர்த்து. சொல்லும்போது அவனும் தன் பைக்குள் இருந்த கொம்பைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் எழுத்துத் தேர்வு. நாலாவது கேள்வி: "உங்கள் தக்காளி பழுத்துக்கொண்டிருந்தபோது வெசூவியோ மலை அதற்கு எந்தப் பக்கம் இருந்தது?" கத்தேல்லோ பேனாவைக் கடித்துவிட்டு, "இருந்த இடத்துலதான் இருந்தது" என்று எழுதினான். அதற்குப் பூஜ்யம்.

பிறகு செய்முறை. மூன்று தேர்வாளர்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கையில் நாடா, ஒருவர் கையில் நிறுத்தக் கடிகாரம், மூன்றாமவர் கழுத்தில் டாக்டர்கள் மாட்டுகிற குழாய். பீட்சா வெளியே வந்ததும் அவர் குழாயை விளிம்பில் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். "சத்தம் இருக்கு. ஆனா அடக்கம் இல்லை" என்றார். இன்னொருவர் அதை எழுதிக்கொண்டார்.

"இந்தத் துளசி இலையை வைக்கும்போது என்ன நினைச்சீங்க?" என்று கேட்டார் நாடாக்காரர்.

"ஒண்ணும் நினைக்கல டொத்தோ." நாப்போலியில் மூக்குக்கண்ணாடி போட்டவனெல்லாம் டொத்தோதான், டாக்டரோ இல்லையோ.

"எழுதிக்கோங்க. சிந்தனையில்லாத துளசி."

கத்தேல்லோவுக்கு வேர்த்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவன் மனசுக்குள் ஒரு தெம்பு இருந்தது. பீட்சா நன்றாக வந்திருந்தது. முற்றம் பூராவும் அந்த வாசனை. மூன்று தேர்வாளர்களும் எச்சில் விழுங்கினதை அவன் பார்த்தான்.

அப்போதுதான் ஆதி பீட்சாவை இறக்கினார்கள்.

ஆதி பீட்சாவைப் பற்றிச் சொல்லாமல் கழகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கழகத்தை ஆரம்பித்த ஒன்பது பேர் சேர்ந்து ஒரு பீட்சா போட்டார்கள். அதைச் சாப்பிடாமல் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாப்போலியில் போட்டுச் சாப்பிடாமல் விட்ட ஒரே பீட்சா அதுதான். இனி உலகத்தில் எந்தப் பீட்சாவும் அதைப்போல இருந்தால்தான் பீட்சா. இப்போது அது பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிட்டது. அதனால் மரியாதை குறையவில்லை, கூடித்தான் போனது. வருஷத்துக்கு ஒருமுறை மே மாதம் பாண்டு வாத்தியத்தோடு அதை வீதியுலா கொண்டு போவார்கள். அதன் சீஸ் வெயிலில் மினுங்கினால் அந்த வருஷம் ஊருக்கு நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. மினுங்கி யாரும் பார்த்ததில்லை. முன்வரிசையில் நிற்கிற பொம்பளைகள், "ஏய் மஞ்ச மூஞ்சி! உருகித் தொலையேன்!" என்று அதைத் திட்டுவார்கள். புனிதர்களிடமே அப்படித்தான் பேசுகிற ஊர் அது. பீட்சாவுக்கென்ன?

பேழையை மேஜையில் வைத்தார்கள். கழகத் தலைவர் அத்தனாசியோ வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் திறந்தார். கத்தேல்லோவின் பீட்சாவைப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று தலைகள் குனிந்தன.

"எண்ணெய்" என்றார் ஒருவர்.

"ஆமா, எண்ணெய்" என்றார் அடுத்தவர்.

ஆதி பீட்சாவில் எண்ணெய் நடுவில் ஆரம்பித்து வலம் சுற்றி விளிம்புக்குப் போயிருந்தது. கத்தேல்லோவின் பீட்சாவில் இடம் சுற்றிப் போயிருந்தது. காரணம் ரகசியமில்லை. அவன் இடது கைக்காரன்.

"தோன் கத்தேல்லோ," என்றார் தலைவர், அவன் தோளில் கை போட்டு. "உங்க பீட்சா ருசியா இருக்கு. தினமும் சாப்பிடறவன் எனக்குத் தெரியாதா? ஆனா ருசியை வெச்சு முடிவு பண்ண ஆரம்பிச்சா அப்புறம் கழகம் எதுக்கு? நாக்கு இருக்கிறவனெல்லாம் நீதிபதி ஆயிடுவான். நாக்கு ஏமாத்தும். ஆதி பீட்சா ஏமாத்தாது. அதை யாரும் ருசிச்சதே இல்லை, அதான் அதுக்குப் பலம்."

"நான் பொறந்ததிலிருந்தே இடது கைதான் டொத்தோ. இப்ப எப்படி மாத்தறது?"

"செப்டம்பர் பதினெட்டாம் தேதி மறுதேர்வு. ஏழு மாசம் இருக்கு. கழகம் கருணை இல்லாததில்லை" என்றார் தலைவர். பிறகு கத்தேல்லோவின் பீட்சாவைத் தூக்கி நான்காக மடித்து, பேசிக்கொண்டே நடந்து போனார். படியேறும்போது அவர் வாய் நிறைந்திருந்தது.

*

கத்தேல்லோவின் இடது கை ஏற்கெனவே ஒருமுறை கட்டப்பட்ட கை. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் அதைப் பிசாசின் கை என்று சொல்லி நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். அவன் எழுத்து கோணிப்போனது, படிப்பும் கோணிப்போனது. பதிமூன்று வயதில் அடுப்படிக்கு வந்தான். எந்தக் கையால் போடுகிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வெந்து வந்ததைத் தின்று பார்த்தார்கள், நாளைக்கும் வா என்றார்கள். தன் கையை அன்றைக்குத்தான் தனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கத்தேல்லோ நினைத்தான். அடுப்புக் கதவு ஒருமுறை நசுக்கியதில் அந்த இடது கட்டைவிரலின் நுனி தட்டையாகிவிட்டது. அதற்கப்புறம் அவன் போடுகிற ஒவ்வொரு பீட்சாவின் விளிம்பிலும் ஓரிடத்தில் சின்னதாகத் தட்டைப் பள்ளம் ஒன்று விழும். எர்சிலியா அதைத்தான் முதலில் கடிப்பாள்.

பரீட்சைக்கு மறுநாள் சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்னமே சவேரியோ வந்தான். கூடையை அனுப்பவில்லை, நேரில் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"தோன் கத்தேல்லோ, ஒண்ணு வேணும். மடிக்காம."

"இரு, அடுப்பு சூடேறட்டும்."

"சூடு முக்கியமில்ல. ஆறினா நல்லது. காஞ்சு போனா இன்னும் நல்லது."

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் கேக்காதீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

கத்தேல்லோ போட்டுக்கொடுத்தான். சவேரியோ அதைக் குளிப்பாட்டின பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடினான். அதுதான் கத்தேல்லோ இடது கையால் போட்ட கடைசிப் பீட்சா. அன்றைக்குக் கடை திறக்கும்போதே எர்சிலியா தன் ஏப்ரன் நாடாவால் அவனுடைய இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

"எனக்குப் பிடிக்கலய்யா இது" என்றாள் முடிச்சுப் போடும்போது. "அந்தக் கன்னியருங்க செஞ்ச வேலையை இப்ப நான் செய்யறேன். பாவம் எனக்குத்தான்."

"இறுக்கிக் கட்டுடி. அது வந்துடும்."

அது வரத்தான் பார்த்தது. மாவு உருண்டையைக் கண்டால் கட்டுக்குள் கிடந்து துடித்தது. வலது கையோ, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் நின்றது. முதல் மாதம் பீட்சாக்கள் முட்டை வடிவத்தில் வந்தன. இரண்டாம் மாதம் நடுவில் ஓட்டை விழுந்தது. கடைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். நாப்போலிக்காரன் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தின்றால் அது துக்கம் விசாரிப்பதற்குச் சமம். கூடைச் சீட்டுகள்தான் வாய்விட்டுப் பேசின. "மூணு. நேத்து விளிம்பு சரியில்லை." "மூணு. அடுப்புல கோளாறா?" "மூணு. பழைய மாதிரி போட முடியாதா?"

கத்தேல்லோ அந்தக் கடைசிச் சீட்டை அண்ணாந்து மூன்றாம் மாடிக்குக் காட்டி, "நீங்கதான்டா மாத்தச் சொன்னீங்க!" என்று கத்தினான். மேலே ஜன்னல் சாத்திக்கொண்டது.

மே மாதம் வீதியுலா வந்தது. கத்தேல்லோவும் எர்சிலியாவும் கூட்டத்தில் பின்னால் நின்றார்கள். பாண்டு முழங்கியது. பேழையை எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். முன்வரிசைப் பொம்பளைகள் வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தார்கள். சரியாகப் பன்னிரண்டு மணி வெயில் பேழையில் பட்டதும் ஒருத்தி வீறிட்டாள்.

"மினுங்குது! ஐயோ, மினுங்குது!"

உண்மையாகவே மினுங்கியது. சீஸில் எண்ணெய் கசிந்து பளபளத்தது. நாற்பது வருஷத்தில் முதல் தடவை. மணி அடித்தார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். தலைவர் அத்தனாசியோ அங்கேயே ஒரு நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"பெருமக்களே! ஆதி பீட்சா இளமை திரும்பிவிட்டது! கழகத்தின் பணியை அது ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நாங்கள் நாற்பது வருஷமாக எதுவுமே செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தவத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது!"

எல்லாரும் கை தட்டினார்கள். எர்சிலியாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேழையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டிருந்த சவேரியோ மட்டும் தரையைப் பார்த்தபடியே நடந்தான்.

*

ஆகஸ்டு முடிவில் வலது கை பழகிவிட்டது. வட்டம் வட்டமாக வந்தது, எண்ணெய் வலம் சுற்றியது. எர்சிலியா நாடாவை அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்த பிறகும் இடது கை இடுப்பை ஒட்டியே கிடந்தது. காப்பிக் கோப்பையை எடுக்கக்கூட நீளவில்லை. கத்தேல்லோ அதை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "பரவால்ல. பலகை தப்பிச்சா போதும்" என்றான்.

செப்டம்பர் பதினெட்டு. மறுபடியும் முற்றம், மறுபடியும் வரிசை, மறுபடியும் பதினேழு. சவேரியோ சீட்டைக் கொடுக்கும்போது கத்தேல்லோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை கத்தேல்லோ தயாராக வந்திருந்தான். மலை வடகிழக்கே இருந்தது என்று எழுதினான். துளசி வைக்கும்போது என் தாய்நாட்டை நினைத்தேன் என்றான். தேர்வாளர் கண் கலங்கி மதிப்பெண் போட்டார். பிறகு அவன் வலது கையால் மாவைத் தட்டி, விரித்து, தக்காளி தடவி, சீஸ் போட்டு, நடுவிலிருந்து வலமாக எண்ணெய் ஊற்றினான். ஒரு சொட்டுகூடத் தப்பவில்லை. நீளப் பிடி வைத்த துடுப்பில் தள்ளி அடுப்புக்குள் விட்டு, எழுபது எண்ணுவதற்குள் எடுத்தான். குழாய்க்காரர் விளிம்பில் காதை வைத்தார். "இப்ப அடக்கமா இருக்கு" என்றார்.

கத்தேல்லோவுக்கு ஏழு மாதத்தில் முதல் தடவை மூச்சு சீராக வந்தது. வாசலில் நின்ற எர்சிலியாவைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான்.

பேழையைத் திறந்தார்கள். மூன்று தலைகள் குனிந்தன.

"எண்ணெய்" என்றார் ஒருவர்.

"ஆமா, எண்ணெய்" என்றார் அடுத்தவர். "எதிர்ப்பக்கம்."

"எது எதிர்ப்பக்கம்?" கத்தேல்லோவின் குரல் கிறீச்சிட்டது. "வலமாத்தானே சுத்தியிருக்கேன்! நீங்க சொன்ன மாதிரிதானே!"

"ஆதி பீட்சா இடமா சுத்தியிருக்கு" என்றார் தலைவர் அமைதியாக. "மே மாச அற்புதத்துக்கப்புறம் கிட்டப் போய்ப் பாத்தோம். இடம்தான். உடனே விதியைத் திருத்தி மூணாவது மாடி அறிவிப்புப் பலகையில ஒட்டிட்டோமே. படிக்கலையா?"

"மூணாவது மாடிக்கு அங்கீகாரம் வாங்கினவங்கதானே வரலாம்!"

"அதனாலதான் அங்கே ஒட்டினோம். அங்கீகாரம் இல்லாதவங்க படிச்சா விதிக்கு என்ன மரியாதை?"

"போன தடவை இடமா சுத்தினதுக்குத்தானே என்னைத் தள்ளினீங்க? அப்ப நீங்க சொன்னது தப்பா?"

"கழகம் தப்பு பண்ணாது தோன் கத்தேல்லோ. நாற்பது வருஷமா சரியாப் பாக்கல. அது வேற."

கத்தேல்லோ மேஜைக்கருகே போனான். யாரும் தடுக்குமுன் பேழையின் மேல் குனிந்தான். விளிம்பில் ஓரிடத்தில் சின்னதாகத் தட்டைப் பள்ளம். அவன் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான்.

"இது என் பீட்சா."

தலைவர் நிமிர்ந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"இது நான் போட்டது டொத்தோ. என் விரல் இது. போன பிப்ரவரி, சனிக்கிழமை..."

அங்கே நிறுத்திவிட்டான். தூணுக்குப் பக்கத்தில் சவேரியோ நின்றிருந்தான். இரண்டு கையாலும் சிவப்புக் கொம்பைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், கண்ணாலேயே கெஞ்சினான். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி அவனுக்கு.

"சனிக்கிழமை? அப்புறம்?" என்றார் தலைவர். "யார் கொண்டுவந்து வெச்சாங்க?"

கத்தேல்லோ சவேரியோவைப் பார்த்தான். எர்சிலியாவைப் பார்த்தான். "தெரியல டொத்தோ" என்றான்.

"தெரியாது. நல்லது. அப்ப ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு, நாற்பது வருஷத்துப் பீட்சா உங்களோடது. அப்ப உங்களுக்கு நாலு வயசு. இன்னொண்ணு, ஆதி பீட்சாவைப் பாத்து நீங்க நகல் எடுத்துப் பழகியிருக்கீங்க. நகலுக்குக் கழகத்துல இடமில்லை." தலைவர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "ஆனா கழகம் கருணை இல்லாததில்லை. சந்தேகம் வேண்டாம். இப்பவே, எங்க முன்னால, இடது கையால ஒண்ணு போடுங்க."

கத்தேல்லோ மாவு உருண்டையை எடுத்துப் பலகையில் வைத்தான். இடது கையைத் தூக்கினான். அது எழுந்தது. மாவின் மேல் வந்து நின்றது. அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் செய்த வேலை அதற்கு ஞாபகமில்லை. எப்படியோ விரித்தான், எப்படியோ தக்காளி பூசினான். எண்ணெய்க் கிண்டியை இடமாகச் சுற்றினான். பாதி வழியில் கை நின்று, தானாகத் திரும்பி, வலமாகப் போனது.

குழாய்க்காரர் காதை வைக்கவே இல்லை. நாடாக்காரர் எழுதிக்கொண்டார்: "எந்தப் பக்கமும் இல்லை."

*

மறுநாள் திருநாள். தெருவெல்லாம் விளக்குத் தோரணம். பன்னிரண்டரை மணிக்கு சவேரியோ ஏணியோடு வந்தான். பலகையைக் கழற்ற அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். மேல்படியில் நின்றுகொண்டு பெரிதாக அழுதான்.

"எலி தின்னுடுச்சு தோன் கத்தேல்லோ! பிப்ரவரிப் பரீட்சை முடிஞ்சு பேழையைப் பூட்ட மறந்துட்டேன். காலையில பாத்தா வெறும் விளிம்புதான் கிடந்தது. எனக்கு வேற யார் கடை தெரியும்? உங்களோடதை வாங்கி மொட்டைமாடியில காயவெச்சு உள்ள வெச்சுட்டேன். என்னை அடிங்க."

"இறங்குடா முதல்ல. விழுந்து தொலைக்காத" என்றான் கத்தேல்லோ.

எர்சிலியாதான் கையை ஓங்கினாள். பிறகு அவன் மூக்கைப் பார்த்துவிட்டுத் தன் ஏப்ரனை நீட்டினாள். "துடைச்சுக்க. நாற்பது வருஷத்துல அந்தக் கழகத்துக்காரனுங்க பண்ணின ஒரே நல்ல பீட்சா, நீ மாத்தி வெச்சதுதான்."

பலகை கீழே வந்து சுவரில் சாய்ந்து நின்றது. நீலத்தில் ஐந்து வெள்ளை இத்தாலிய எழுத்து. கத்தேல்லோ அதைச் சுற்றி நடந்தான், உள்ளே போனான், வெளியே வந்தான், அடுப்பில் விறகைத் தள்ளினான், தள்ளினதை இழுத்தான்.

மணி ஒன்று. கூடை இறங்கியது.

திருநாளிலுமா என்று எர்சிலியா வாயைப் பிளந்தாள். சீட்டில் "மூணு" என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில், புது விதியின்படி, "வட்டமான வெந்த மாவுப் பண்டம்." அதற்கும் கீழே, "பழைய கையால."

கத்தேல்லோ அதைப் படித்தான். மறுபடி படித்தான். சீட்டை மடித்துப் பையில் வைத்தான். பிறகு சுவரில் சாய்ந்திருந்த பலகையைத் தூக்கிக் கூடையில் குறுக்கே வைத்து, எர்சிலியாவின் ஏப்ரன் நாடாவை வாங்கி, ஆறு மாதம் தன் கையைக் கட்டின அதே நாடாவால், இறுக்கிக் கட்டினான். கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தான்.

"தலைவரே!" என்று அண்ணாந்து கத்தினான். "சொல்லை ஒப்படைக்கச் சொன்னீங்களே! இந்தாங்க! சூடா இல்ல, ஆனா முழுசா உங்களோடது! மூணு பேரும் பங்கு போட்டுத் தின்னுங்க!"

சந்தில் இருந்த ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. கூடை கனம் தாங்காமல் சுவரில் இடித்து இடித்து மேலே போனது. மூன்றாம் மாடியில் கைகள் அதை உள்ளே இழுத்தன. நாடாக்காரரின் குரல் மட்டும் கேட்டது: "விட்டம் எப்படி அளக்கிறது?"

கடை வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகை இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல இரண்டு விரலைக் காட்டினாள். அந்தத் தெருவில் யாரும் என்றைக்கும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. விரலைத்தான் காட்டுவார்கள்.

"ரெண்டா? இதோ" என்றான் கத்தேல்லோ. திருநாள் நெரிசலைப் பற்றி அவளோடு பேசிக்கொண்டே மாவை எடுத்தான், தட்டினான், விரித்தான், எண்ணெய் ஊற்றினான். எர்சிலியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்த இடது கை மறுபடி மறந்துவிடுமோ என்று பயம். எண்ணெய் இடமாகத்தான் சுற்றியிருந்தது.

மேலே ஜன்னல் மெல்லத் திறந்தது. தலைவர் அத்தனாசியோ தலையை நீட்டினார். சொல்லைச் சொல்ல முடியாது, பண்டம் என்று கத்தவும் வெட்கம். மூன்று விரலைக் காட்டினார்.

கத்தேல்லோ நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தான். அதற்குள் பதினாறு பேர் சேர்ந்திருந்தார்கள்.

"கீழே வந்து வரிசையில நில்லுங்க டொத்தோ" என்றான். "உங்க எண் பதினேழு."

தலைவரின் கை அவசரமாகப் பைக்குள் போனது, கொம்பைத் தேடி.